கழுத்து உயரம்

ரவிக்கை பொருந்தியது. பிரான்சி பயந்தது அதற்காகத்தான்.

ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியை ஒட்டிய ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி. கல்யாணப் பெண் வகுளா நிலைக்கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அரக்குப் பட்டு ரவிக்கை, கழுத்திலும் கையிலும் ஆரி வேலை. கூடத்திலிருந்து சாம்பிராணிப் புகையும் புதுப் புடவைகளின் கஞ்சி வாசமும் கலந்து வந்தன. தையல்காரிகள் போட்டுப் பார்க்கும் உடையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் விரலால் பார்த்துவிடுவார்கள். பிரான்சியும் தோள் தையலில் விரலை வைத்து ஓட்டினாள். சுருக்கம் இல்லை, இழுப்பு இல்லை. துணி முடிந்த இடத்தில் தோளும் முடிந்தது. அந்த ரவிக்கை யாருக்குமே பொருந்தாதபடி வெட்டப்பட்டது என்பது உலகத்தில் பிரான்சி ஒருத்திக்குத்தான் தெரியும்.

போன மாதம் இதே பெண்ணுக்கு டேப் பிடித்தவள் அவள்தான். தோள் பதினாலு அங்குலம். நீச்சல் போட்டிக்கெல்லாம் போனவள், அதனால்தான் இப்படி அகலம் என்று அவள் அம்மா கோமளா மாமி சொன்னதுகூட நினைவிருந்தது. இப்போது கண்ணாடியில் நின்றவளுக்குத் தோள் இரண்டு பக்கமும் சரிந்து, பள்ளிக்கூடம் போகும் சிறுமியின் தோள்போலக் குறுகிக் கிடந்தது. அதற்குக் கீழே கைகள் மட்டும் பருத்து, ரவிக்கையின் கை முழுவதையும் அடைத்துக்கொண்டு தொங்கின.

"பேஷா இருக்கே! யாரு, இந்தப் பொண்ணா வெட்டினா? கைராசிக்காரிதான்" என்று கோமளா மாமி, கதவோரம் குண்டூசி டப்பாவோடு நின்ற உதவியாள் ஆஷ்லியைப் பார்த்துச் சொன்னாள்.

ஆஷ்லி சிரித்தாள். அந்த நீளக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவள் எப்போதும் சிரிக்கிற மாதிரி.

"அம்மாவுக்கு வித்தியாசம் தெரியலையா?" என்று பிரான்சி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"என்ன வித்தியாசம்? இவ குழந்தைலேர்ந்தே இப்படித்தான், ஒட்டின தோள்" என்றாள் மாமி.

வகுளா மட்டும் கண்ணாடியில் பிரான்சியின் கண்ணைத் தேடினாள். "நாலஞ்சு நாளா ஒரே வலி அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். "கை கனக்கறது. தலை வாரக்கூடத் தூக்க முடியலை."

"ஊரெல்லாம் காய்ச்சல். கல்யாண அலைச்சல் வேற" என்று மாமி அதையும் முடித்துவைத்தாள்.

பிரான்சியின் கைப்பை தோளிலிருந்து நழுவியது. எடுத்து மாட்டினாள். மறுபடியும் நழுவியது. இந்த வாரம் முழுக்க அது அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. வார் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேலப்புதூரில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில், மாடியில் இருந்தது 'பிரான்சி பிளவுஸ்'. பெயர்ப்பலகையில் இருந்த பெயர் அவளுடையது. கட்டிங் டேபிள் அவளுடையது. கணக்கையும் வாடிக்கையாளர்களையும் கவனிக்கும் டோமினிக் அவளுடைய கணவன். ஈஸ்டர் முடிந்த கையோடு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து, ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோவை ஒரு கண்ணாடி உறையில் போட்டுக்கொண்டு ஆஷ்லி வந்து சேர்கிற வரைக்கும் இதில் எதையும் பிரான்சி தனியாக நினைத்துப் பார்த்ததில்லை. நம்முடையது என்று நாம் எண்ணிப் பார்க்கத் தொடங்கினாலே, அதில் ஒன்றை யாரோ தொட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

ஆஷ்லி முதலில் தொட்டது கடையின் கம்ப்யூட்டரை. வாடிக்கையாளர்களின் அளவுகளை வைத்திருக்க டோமினிக் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டிருந்தான். திரை முழுக்க ஒரு பெரிய அட்டவணை. ஒரு பெண்ணுக்கு ஒரு வரி, மேலே தலைப்புகள், ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே நீளமாக இறங்கும் எண்கள். தலைப்பெல்லாம் ஆங்கிலத்தில், பாதி வெட்டுப்பட்டு இருக்கும். பிரான்சிக்கு அது பழகிவிட்டது. எத்தனையாவது பத்தி தோள், எத்தனையாவது பத்தி இடுப்பு என்று கண் மூடிக்கொண்டு சொல்லுவாள். எல்லோருக்கும் எல்லா அளவும் எடுப்பது அவளுடைய கொள்கை. காலர் வைத்த ரவிக்கையே போடாத கிழவிக்குக்கூடக் கழுத்து உயரம் எடுத்து எழுதி வைப்பாள்.

வந்த வாரத்திலேயே ஆஷ்லி அவள் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மௌஸை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மல்லிகை ஸ்பிரே வாசனை மூக்கில் ஏறியது.

"இந்த ஹெடிங்கெல்லாம் மாத்தலாம் அக்கா. டபுள் கிளிக் பண்ணி நமக்குப் பிடிச்ச பேரு வெச்சுக்கலாம். இழுத்து முன்ன பின்ன வெச்சுக்கலாம். ஆனா பிடிச்சு வெளியில கொண்டுபோய் விட்டீங்கன்னா அந்தப் பத்தியே போயிடும், பார்த்து." படபடவென்று தட்டினாள். தோள். கழுத்து உயரம். மார்பு. இடுப்பு. கைச் சுற்று. அழகான தமிழ் எழுத்து, வெளிர் ஊதாப் பின்னணி. திரையில் ஒரு பெட்டி வந்தது: மாற்றத்தைச் சேமிக்கவா? "எப்பவும் ஆம் குடுத்துடுங்க அக்கா. இல்லைன்னா செஞ்ச வேலையெல்லாம் வீணாப் போயிடும்."

"பாரு பிரான்சி, எவ்வளவு லட்சணமா பண்ணியிருக்கா!" என்றான் டோமினிக். பதினோரு வருடமாக பிரான்சி போட்ட எந்தக் கட்டிங்கையும் அவன் லட்சணம் என்று சொன்னதில்லை.

அன்றைக்குப் பிடித்த எரிச்சல். பிறகு அது வயிற்றிலேயே தங்கிவிட்டது. ஆஷ்லி அவனை முதலில் 'சார்' என்றாள்; பிறகு 'அண்ணா'; இப்போது எதுவும் சொல்லாமலே பேசுகிறாள். டோமினிக் இருவருக்கும் ஒரே மாதிரி மெரூன் கோட்டு தைக்கச் சொன்னான்; முதலாளிக்கும் வேலைக்காரிக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கிறவனுக்கே தெரியாது. போட்டோ போட மாடல் வேண்டுமென்றான், ஆஷ்லி நின்றாள். "உயரமான கழுத்து, காலர் பிளவுஸுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி" என்று அவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, பிரான்சி ஓவர்லாக் மிஷினுக்குப் பின்னால் நின்று தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கட்டைக் கழுத்துதான். அவள் அம்மாவும் அப்படித்தான்.

கடைசியில் கே.கே. நகர் கடை. அங்கே ஒரு கிளை போட வேண்டும் என்பது பிரான்சியின் ஆசை. சாலையோரத்தில் கண்ணாடிக் கதவு வைத்த கடை, உள்ளே நீள மேசை, அதன் தலைமாட்டில் தான். இடமும் கிடைத்துவிட்டது. அதில் யார் உட்காருவது என்று டோமினிக் 'யோசித்துக்கொண்டிருந்தான்'. ஊர்ப் பிடாரியை ஒண்ட வந்த பிடாரி விரட்டியது என்பார்களே, அதை பிரான்சி தன் மாடியிலேயே கண்ணால் பார்த்தாள்.

அதனால் அதைச் செய்தாள். அவரவர் லாகினில் அவரவர் வைத்த தலைப்புதான் தெரியும். ஆஷ்லியின் பாஸ்வேர்டு திரையின் ஓரத்திலேயே துண்டுக் காகிதத்தில் ஒட்டியிருந்தது. வகுளாவின் பட்டை ஆஷ்லி வெட்டப் போகிறாள் என்று தெரிந்த அன்று, மதியச் சாப்பாட்டு வேளையில் அதில் நுழைந்து, 'தோள்' என்ற தலைப்பைக் 'கைச் சுற்று' என்று மாற்றினாள். கைச் சுற்றைத் தோள் என்று மாற்றினாள். எண்கள் இருந்த இடத்தில் இருந்தன. ஆம் கொடுத்தாள். ஆஷ்லி தோளுக்குப் பதினொன்று என்று வெட்டினாள், கைக்குப் பதினாலு என்று வெட்டினாள். அனுபவக்காரி பார்த்ததும் கண்டுபிடித்திருப்பாள், டிப்ளமோ கண்டுபிடிக்கவில்லை. மிஷினில் உட்காரும் ஜெஸிமாவோ வெட்டி வந்ததைத் தைத்துக் கொடுத்துவிடுவாள், கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது. பட்டு பாழ், ஆரி வேலை பாழ், மாமி கத்துவாள், டோமினிக்கின் முகம் மாறும். அதைப் பார்க்கத்தான் பிரான்சியும் கூடவே ஸ்ரீரங்கம் வந்திருந்தாள்.

ரவிக்கை பொருந்தியது.

திரும்பும்போது ஆஷ்லி ஸ்கூட்டி ஓட்டினாள். காவிரிப் பாலத்தில் ஈரக் காற்று. கீழே தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு, சேற்று வாசனையோடு போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பிரான்சியின் கண்ணுக்கு நேரே ஆஷ்லியின் முதுகு. மெரூன் கோட்டின் தோள் தையல் இரண்டு பக்கமும் கையின் மேல் வழிந்து கிடந்தது. அந்தக் கோட்டை பிரான்சிதான் அளவெடுத்துத் தைத்தாள். அவள் தைத்த எதுவும் தோளில் வழிந்ததில்லை.

"பயந்துட்டே இருந்தேன் அக்கா" என்று ஆஷ்லி காற்றில் கத்தினாள். "வெட்டும்போதே அளவு ஒரு மாதிரியா இருந்துச்சு. உங்ககிட்ட கேக்கலாம்னு நெனச்சேன். நீங்க எடுத்த அளவாச்சே, தப்பா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

பிரான்சியின் கைப்பை நழுவியது. அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனதால் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. மின்விசிறிகள் கடகடத்துக்கொண்டிருந்தன. மெழுகும் மல்லிகையும் ஈரக் குடையும் கலந்த வாசனை. எல்லோரும் முழந்தாளிட்டார்கள். பிரான்சி தலை குனிந்து, அப்புறம் எதற்கோ நிமிர்ந்தாள்.

பெண்கள் பக்கம் முழுக்க முதுகுகள். முக்காடு போட்ட தலைகளுக்குக் கீழே தோள்கள். வாடிக்கையாளர்கள் பாதிப்பேர். பாங்க்கில் வேலை பார்க்கும் பாக்கியமேரி, பள்ளிக்கூட டீச்சர்கள், பாடகர் குழுப் பெண்கள். எல்லோருக்கும் டேப் பிடித்தவள் அவள். எல்லோருக்கும் தோள் சரிந்து ஒடுங்கியிருந்தது. சேலை முந்தானை யாருக்கும் நிற்கவில்லை. ஒருத்தி இழுத்துப் போட்டாள். இரண்டு வரிசை தள்ளி இன்னொருத்தி இழுத்துப் போட்டாள். பருத்த கைகளால், சிரமப்பட்டு. அங்கங்கே ஒருத்தி மட்டும் நேரான தோளோடு இருந்தாள். அவர்கள் வேறு கடையில் தைப்பவர்கள்.

தலைப்பு ஒருத்திக்கு மட்டும் சொந்தமில்லை. அதன் கீழே இருக்கிற எல்லோருக்கும் சொந்தம்.

பிரான்சி மெல்லத் தன் கையைத் தூக்கித் தன் தோளில் வைத்தாள். கழுத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்ததுமே தோள் தீர்ந்துபோனது. அவளுடைய அளவும் அந்த அட்டவணையில்தான் இருந்தது, கடையின் முதல் வரியாக.

நற்கருணைக்குப் போகவில்லை. நேரே கடையைத் திறந்து, ஆஷ்லியின் லாகினில் நுழைந்து, 'தோள்' என்று அதன் இடத்தில் தட்டினாள். கடைசி எழுத்து விழுந்ததும் அவள் தோளுக்குள்ளே ஏதோ நெரிந்தது, பச்சை விறகை முறிக்கிற ஓசை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததையும் மாற்றினாள். ஆம் கொடுத்தாள். கைப்பையை மாட்டிப் பார்த்தாள். நின்றது. மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். இனி அந்தத் திரையின் பக்கமே போவதில்லை என்று மாதாவிடம் சொன்னாள். அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை கோமளா மாமி ரவிக்கையை ஒரு பையில் சுருட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள். "அன்னிக்குப் போட்டுண்டா, இன்னிக்கு ஏறவே மாட்டேங்கறது. தோள்ல மாட்டிண்டு கிழியறது. என்ன பண்ணி வெச்சிருக்கேள்?" என்று மேசைமேல் போட்டாள். ஆஷ்லியின் முகம் வெளுத்தது. ஆசைப்பட்ட காட்சி, தாமதமாக வந்தாலும் வந்துவிட்டதே என்று பிரான்சியின் மனசுக்குள் ஒரு மூலை குளிர்ந்தது. பயத்துக்கு நடுவிலும் குளிர்ந்தது, அதுதான் வேடிக்கை.

டோமினிக் எழுந்து வந்தான். "மாமி, தப்பு எங்களுதுதான். புதுத் துணி எடுத்து, கல்யாணத்துக்கு முன்னாடி தச்சு நானே கொண்டுவந்து தரேன்" என்றான். மாமி போனதும், அழுதுகொண்டிருந்த ஆஷ்லியிடம், "சின்னப் பொண்ணு, தப்பு வராம இருக்குமா? விடு" என்றான். கடை தொடங்கின புதிதில் பிரான்சி ஒரு ரவிக்கைக் கையை மாற்றி வெட்டியதற்கு அவன் இரண்டு நாள் பேசவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்தக் கடையில் குடம் உடைப்பவளின் கழுத்தைப் பார்த்து மண்ணும் பொன்னும் முடிவானது.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் பிரான்சி. நடு அறையில் ஜெஸிமா மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். முன் அறையில் டோமினிக்கும் ஆஷ்லியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தத்தில் வார்த்தை கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாசனை. அவளுக்குப் பின்னால் டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது; ஒவ்வொரு தடவையும் அவள் தலையின் நிழல் திரையில் விழுந்து மறைந்தது.

மாதாவிடம் சொன்னது நினைவிருந்தது. சும்மா பார்க்கத்தான் ஆஷ்லியின் லாகினைத் திறந்தாள்.

தேடும் கட்டத்தில் ஆஷ்லி என்று தட்டினாள். மற்ற எல்லா வரிகளும் மறைந்தன. ஒரே ஒரு வரி. தலைப்புகளும், ஆஷ்லியும். வேறு யாரும் இல்லை. பாக்கியமேரி இல்லை, வகுளா இல்லை, பிரான்சி இல்லை. திரையிலேயே இல்லாதவர்களுக்கு என்ன ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அது நியாயமாகவும் பட்டது. பொறாமை பிடித்தவளுக்கு எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

கழுத்து உயரம்.

அந்தப் பெயரை, ரவிக்கையின் கீழ் விளிம்பில் வரும் ஒரு அங்குல அடிப்பட்டியின் பெயரோடு மாற்றி வைத்தால் போதும். கொஞ்சம் குட்டையாகும். அவ்வளவுதான். சாகப்போவதில்லை. போட்டோவுக்கு நிற்க மாட்டாள். அப்புறம் பழையபடி வைத்துவிடலாம்.

தலைப்பின்மேல் அம்பை வைத்து அழுத்தினாள். எழுத்து கருத்தது. முன் அறையில் நாற்காலி நகர்ந்தது.

"கே.கே. நகர் கடை உனக்குத்தான். முடிவு பண்ணிட்டேன்" என்றான் டோமினிக். படியிறங்கப் போகிறவனின் உரத்த குரல், இப்போது தெளிவாகக் கேட்டது. "போர்டுல உன் பேரையே போட்டுடலாம். யோசிச்சு வை. பஜ்ஜி வாங்கிட்டு வந்துடறேன்."

குடை விரிந்தது. செருப்புச் சத்தம் இறங்கியது.

பிரான்சியின் கை இழுத்தது. அழுத்திய விரலோடு, தலைப்போடு, அட்டவணையின் விளிம்பைத் தாண்டி வெளியே. அம்பின் நுனியில் 'கழுத்து உயரம்' ஒட்டிக்கொண்டு தொங்கியது. அதன்மேல் ஒரு சிறு சிவப்புக் குறி. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆஷ்லி சொன்னது நினைவு வந்தது. அப்படியே உள்ளே கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

விரலை எடுத்தாள்.

பத்தி மறைந்தது. இரண்டு பக்கத்துப் பத்திகளும் நகர்ந்து ஒட்டிக்கொண்டன. தோளுக்குப் பக்கத்திலேயே மார்பு.

முன் அறையில் ஆஷ்லி ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். முனகல் நடுவில் நின்றது.

நடு அறையில் மிஷின் நிற்கவில்லை. ஓடியது. தையல் முடிகிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஓடுகிற மிஷின், நிறுத்தாமல் ஓடியது. அழுத்திய காலை யாரும் எடுக்கவில்லை.

ஜெஸிமாவின் வரியும் இருக்கிறது. மறைத்ததுதான். அழித்ததில்லை.

பிரான்சி எழப் பார்த்தாள். அதற்குள் வந்துவிட்டது. வலி இல்லை. மேலிருந்து யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்குகிற மாதிரி. தாடை இறங்கியது. காது இரண்டும் கோட்டின் துணியில் உரசின. தாடை எலும்பு நெஞ்சு எலும்பில் போய் உட்கார்ந்தது. வாயைத் திறக்க இடமில்லை. மூச்சு மூக்கு வழியாக, சீழ்க்கையாக. கழுத்தைப் பிடிக்கக் கை போனது. பிடிக்க எதுவும் இல்லை. கன்னத்திலிருந்து விரல் நேரே தோளில் இறங்கியது.

கை பட்டு மௌஸ் மேசையிலிருந்து விழுந்தது.

கண்ணுக்கு நேரே பெட்டி. மாற்றத்தைச் சேமிக்கவா? ஆம். இல்லை.

இல்லை. இல்லை. அதை அழுத்தினால் போதும். கீழே குனிய முடியவில்லை. இடுப்போடு சாய்ந்தாள், மேசை இடித்தது. வயரைத் தடவினாள். கிடைத்தது. இழுத்தாள். மௌஸ் மேலே ஏறி வந்தது. திருப்பி வைத்தாள். அம்பு நகர்ந்தது. இல்லையை நோக்கி, மெதுவாக.

முன் அறையிலிருந்து காலடி. ஒரு காலை இழுத்து, ஒரு காலை வைத்து. சுவரைத் தடவுகிற கை. பின்னால் வந்து நின்றது. அந்த மூக்குச் சீழ்க்கை இப்போது இரண்டாகக் கேட்டது.

மல்லிகை ஸ்பிரே.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. எப்போதும் போல. பிரான்சியின் கையிலிருந்து மௌஸை மெதுவாக, மரியாதையாக, வாங்கிக்கொண்டது. பாவம், உதவி செய்யத்தான் வந்திருக்கிறாள். சிஸ்டத்தில் ஏதோ ஆகிவிட்டது, அக்காவுக்குத் தெரியாது. வேண்டாம் என்று பிரான்சி கத்தினாள். வேண்டாம் ஆஷ்லி. நெஞ்சுக்குள்ளேயே அது முட்டி நின்றது. சொல் வெளியே வருகிற வழி இல்லை.

அம்பு திரும்பியது.

ஆம்.

பெட்டி மறைந்தது. அடுத்த அறையில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகத் தெருவிளக்கின் மஞ்சளில் மழை தெரிந்தது. எதிர்ச்சாரியில் ஒரு பெண் ஸ்கூட்டியை நடுவில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தாள். அது தோள்மேல் உட்கார்ந்திருந்தது. கழலவில்லை. கோயில் வாசல் பக்கமிருந்து இன்னொருத்தி குடையில்லாமல், உடம்பை மொத்தமாகத் திருப்பித் திருப்பி, யாரையோ தேடிக்கொண்டு வந்தாள்.

படியில் செருப்புச் சத்தம் ஏறியது. வாழைக்காய் பஜ்ஜியின் எண்ணெய் வாசனை.

"ஆறிடும், சீக்கிரம் வாங்க ரெண்டு பேரும்" என்றான் டோமினிக். முன் அறையில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு நடு அறைக்கு வந்தான். மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். மிஷின் சத்தம் நின்றது. அவன்தான் சுவிட்சை அணைத்திருக்கிறான். வாசற்படியில் அவன் நிழல் விழுந்தது.

இரண்டு பெண்களும் இடுப்போடு திரும்பினார்கள்.

ஒரே மெரூன் கோட்டு. ரத்தம் கட்டிக் கருத்து, கண் பிதுங்கிய இரண்டு முகங்கள், கோட்டின் காலருக்குள்ளே பதிந்து. டியூப்லைட் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. டோமினிக் ஒருத்தியைப் பார்த்தான். பிறகு மற்றவளைப் பார்த்தான். பஜ்ஜிப் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"பிரான்சி?" என்றான்.

கேட்டது ஆஷ்லியைப் பார்த்து.

இருவருமே கையைத் தூக்கினார்கள்.